பள்ளிபாளையத்து ரீலும் எட்டடிக் கம்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பகலெல்லாம் பம்புக்கு புஷ்ஷும் ஷாஃப்டும் கடைவேன். ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூண்டில் கம்பு கட்டுவேன். கார்பன் குழாயை வெறுமனே வாங்கி, நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் உட்காரும் சீட்டையும் கைப்பிடியையும் ஒட்டி, நரம்பு போகும் வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, மேலே எப்பாக்ஸி பூசி, பத்து ஆர்பிஎம் மோட்டாரில் ராத்திரி முழுக்கச் சுழலவிட்டுக் காயவைக்கும் வேலை. பதினைந்து கம்புகளுக்கு மேல் கட்டிய பிறகு எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்த ஒரு கம்பின் கதை இது. தப்பு என்னுடையதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டதும் கட்டியதும்

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒரு அண்ணன் போனில் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால் மனிதர் காவிரிக்கரையில்தான் இருப்பார். மேட்டூருக்குக் கீழே ஈரோடு வரைக்கும் காவிரி ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை மாற்றிக் கதவணை நின்று நின்றுதான் போகிறது. நெரிஞ்சிப்பேட்டைக்கும் பூலாம்பட்டிக்கும் நடுவே பரிசலும் படகும் போகிற அந்த அகலத் தேக்கத்தில், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கரையில் நின்று வீசுவது அவர் வழக்கம். ரோகுவும் கட்லாவும் அவர் இலக்கு. வாளை கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி.

கேட்டது இதுதான்: எட்டடிக் கம்பு, ரெண்டு துண்டு, 20 முதல் 30 கிராம் ஈயம் தூரமாகப் போகவேண்டும்.

"ரீல் என்னங்கண்ணா வெச்சிருக்கீங்க?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறுங்க தம்பி. மருமகன் துபாயிலிருந்து கொண்டாந்தது."

நானும் சரி என்று போனை வைத்துவிட்டேன். கேள்வி அங்கே முடிந்திருக்கக் கூடாது. 2500 என்பது ரீலின் அளவைச் சொல்லும் எண். என் அலமாரியிலும் ஒரு 2500 ரீல் இருக்கிறது. அதன் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை, விளிம்பில் 44 மில்லி விட்டம். அதையே மனசில் வைத்துக்கொண்டு வளையங்களைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வளையம் 20ஆம் எண், ரீலின் ஸ்பூலிலிருந்து 560 மில்லி தள்ளி. அதற்குமேல் சட்டென்று சின்னதாகிப் போகிற வளைய வரிசை. இப்போதைய நாகரிகமும் அதுதான். சின்ன வளையம் என்றால் நுனி லேசாக இருக்கும், கம்பு சுறுசுறுப்பாக நிமிரும். கட்டி முடித்து, கரும்பச்சை நூலில் சிவப்பு ஓரம் வைத்து அனுப்பினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

புகார்

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். போன் வந்தது.

"தம்பி, கம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வீசறப்ப தட்டுதுங்க. நூலு கம்பு மேல டக்கு டக்குன்னு அடிக்குது. பழைய சைனாக் கம்புல போன தூரங்கூட இதுல போகமாட்டீங்குது."

பணம் வாங்கிக் கட்டிக்கொடுத்தவனுக்கு இதைவிடக் கசப்பான வார்த்தை கிடையாது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: காற்றடிக்கும்போது முதல் வளையத்துக்குப் பின்னால் நரம்பு சுருண்டு வளையத்தின் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது, இரண்டு முறை ஈயம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து கொங்கு நாடு முழுக்க அலைகிற ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். தொளதொளத்த நரம்பு எம்மாத்திரம். ஆனாலும் காற்றின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. அதே காற்றில்தான் அவருடைய பழைய கம்பு ஒழுங்காக வீசியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு கம்பும் ரீலுமாக அவரே பட்டறைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ரீலை உறையிலிருந்து எடுத்தேன். எடுத்ததுமே பாதி புரிந்துவிட்டது. என் ரீலுக்கு அண்ணன்போல இருந்தது அது.

முதலில் சந்தேகப்பட்டவை

இருந்தாலும் பாதி புரிந்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஸ்பூலில் நரம்பு பிதுங்க நிறைத்திருக்கிறாரா? இல்லை, விளிம்புக்கு ஒன்றரை மில்லி குறைவாகத்தான் இருந்தது, சரியான அளவு. நரம்பு முறுக்கேறியிருக்கிறதா? தொங்கவிட்டுப் பார்த்தோம், கொஞ்சம் இருந்தது, பெரிதாக இல்லை. வளையத்தில் கீறல் இருக்கிறதா என்று பஞ்சை உருவிப் பார்த்தோம், எங்கும் பிடிக்கவில்லை.

நரம்பு மட்டும் கவனிக்க வேண்டியதாக இருந்தது. 0.35 மில்லி மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான். விறைப்பான ஜாதி. ஸ்பூலில் எந்த வட்டத்தில் கிடந்ததோ அதே வட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வரும். என் 2500 ரீலை அதே கம்பில் மாட்டினேன். அதில் மெல்லிய பின்னல் நரம்பு, பிரெய்டு. மாமன் காட்டில் வெள்ளாமை இல்லாத தரிசில் போய் 20 கிராம் ஈயம் கட்டிப் பத்து வீச்சு வீசினோம். சராசரி 58 மீட்டர். ஒரு தட்டலும் இல்லை. அவர் ரீலை மாட்டி அதே ஈயம், அதே கை, பத்து வீச்சு. 41 மீட்டர். டக்கு டக்கு.

ஆக, கம்பு கெட்ட கம்பு இல்லை. அவர் ரீலும் கெட்ட ரீல் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் பேசிய தரகன்தான் சரியில்லை. தரகன் நான்.

"பிரெய்டு போட்டுக்கறீங்களாண்ணா?" என்று ஒரு குறுக்கு வழி கேட்டுப்பார்த்தேன். பாறைக்கு அது தாங்காது, விரலை அறுக்கும், விலையும் கட்டாது என்று மூன்று காரணத்தை மூச்சு விடாமல் சொன்னார். மூன்றும் நியாயம்தான். அவர் தேவைக்கு மோனோ. அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தறிக்காரர் கண்

காட்டு வரப்பில் உட்கார்ந்து நான் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்தான் சொன்னார்:

"இது நாடாவுக்குள்ள இருக்கற தார் மாதிரி தானுங்க தம்பி. தார் சுத்தாது. நூலு மட்டும் நுனி வழியா உருவிட்டு வரும். அப்படி வந்தா பலூன் உடத்தான் செய்யும்."

நான் நாலு வருஷமாகப் படம் போட்டுப் போட்டு மற்றவர்களுக்கு விளக்க முயன்றதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தறி ஓட்டுகிற ஊரில் இதற்குப் பாடம் தேவையில்லை. ஊடை நூல் சுற்றிய குச்சிதான் தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் அது அசையாமல் இருக்கும், நூல் அதன் மூக்கு வழியாகச் சுழன்று சுழன்று கழன்று வரும். கழல்கிற நூல் வெளிப்பக்கம் வீங்கி நாடாவின் சுவரில் உரசும், அந்த வீக்கம்தான் பலூன். அதை அடக்க ரேயான் ஓட்டுகிறவர்கள் நாடாவுக்குள் ரோமத் துண்டு ஒட்டுவார்கள். நூற்பாலையில் ரிங் பிரேமிலும் இதே பலூன்தான். அங்கே கதிருக்கு நேர் மேலே, நடுமையத்தில், கம்பிக் கண் ஒன்று இருக்கும். அந்தக் கண் நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் நூல் அறும். மில்லில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அண்ணனுடையதும் என்னுடையதும் ஸ்பின்னிங் ரீல். அது அச்சு அசலாக இதே சங்கதி. கதையும் அங்கேயிருந்துதான் வருகிறது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்று ஒரு கம்பளி நூல் நகரம். அங்கே ஜவுளி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905இல் ஸ்பூல் சுழலாத ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆலையில் பாபினின் தலைவழியாக நூல் உருவிவருவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை என்பார்கள். இதைச் சொன்னதும் அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "அப்ப நம்ம ஜாதிக்காரன் கண்டுபுடிச்சதுதானாக்கும்!" என்றார். ஜாதி என்றால் தறி ஜாதி.

சுழலாத ஸ்பூலின் பெரிய வசதி, வீசும்போது எதையும் சுழற்ற வேண்டியதில்லை என்பது. கனமில்லாத தூண்டிலும் தூரம் போகும். அதற்குக் கொடுக்கும் விலைதான் அந்தப் பலூன். ஸ்பூலின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு பெரிய வட்டமாக நரம்பு கிளம்புகிறது. அதை மெல்ல மெல்ல ஒடுக்கி, ஒரு நேர்கோடாக்கி, கம்பின் நுனிக்கு அனுப்புவது வளையங்களின் வேலை. ஒடுக்குகிற புனலின் வாயளவு, உயரம், நீளம் மூன்றையும் தீர்மானிப்பது ரீல். கம்புக்கு அதில் வாக்கு இல்லை.

வெர்னியரை எடுத்தபோது

பட்டறைக்குத் திரும்பி அளந்தோம். அவர் ரீலின் ஸ்பூல் விளிம்பு 52 மில்லி. நான் நினைத்துக்கொண்டது 44. ரெண்டும் 2500தான்!

ரீல் மேல் போட்டிருக்கும் எண்ணுக்கு உலகப் பொது அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் 2500 இன்னொரு கம்பெனியின் 4000க்குப் பக்கத்தில் நிற்கும். அண்ணன் வைத்திருந்தது பழைய வரிசை. அந்தக் கம்பெனியே பிற்பாடு எண்களைத் திருத்தி மற்றவர்களோடு ஒத்துப்போக வைத்துவிட்டது. செருப்புக் கடையில் எட்டாம் நம்பர் கேட்டு வாங்குவதுபோல ரீல் நம்பர் கேட்டுக் கம்பு கட்டியிருக்கிறேன்.

அடுத்தது ஸ்பூலின் அச்சு. இதைத்தான் நிறையப் பேர் பார்ப்பதில்லை. இப்போது வரும் பல ரீல்களில் ஸ்பூலின் அச்சு கம்பை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்த அச்சை ஒரு கோடாக நீட்டினால் கம்பில் எங்கோ ஓரிடத்தில் போய் முட்டும். முட்டும் இடத்தில் ஒடுக்கு வளையத்தை, அதாவது நரம்பின் வட்டம் ஒடுங்கி முடியும் வளையத்தை வைத்து, அதற்கு அந்தப்புறம் எல்லாம் சின்ன வளையமாகவே போடலாம் என்பது ஜப்பானின் ஃபூஜி கம்பெனி பரப்பிய முறை. என் ரீலுக்கு அது அழகாகப் பொருந்துகிறது. அண்ணனின் ரீலில் ஸ்பூலைக் கழற்றிவிட்டு நடு ஷாஃப்டின் மேல் நேரான எஃகுக் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். அது கம்புக்கு இணையாகவே ஓடியது. தண்டவாளம்போல. கம்பு நுனியைத் தாண்டியும் முட்டவில்லை. ஆக அந்த முறை இந்த ரீலுக்கு ஆகாது.

அப்போது கைகொடுத்தது கம்பு கட்டுகிறவர்கள் நடுவே புழங்கும் 27 மடங்குக் கணக்கு. ஸ்பூல் விட்டத்தை 27ஆல் பெருக்கினால் வரும் தூரத்தில் ஒடுக்கு வளையம். 52ஐ 27ஆல் பெருக்கினால் 1404 மில்லி. நான் 44ஐ வைத்துக் கட்டியதில் அது 1188 மில்லியில் இருந்தது. 27 என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரம் விட்டால் நரம்பு இரு பக்கமும் சுமார் ஒரு டிகிரி சாய்வில்தான் ஒடுங்கும். அவ்வளவு மெதுவாக ஒடுங்கினால் வளையத்தில் அடி விழாது. மெல்லிய பிரெய்டுக்கு இதைவிடக் குறைவாகவும் வைக்கலாம், அது சொன்னபடி கேட்கும். விறைத்த மோனோவிடம் இந்த மரியாதை வேண்டும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் முழு அளவில் வரைந்து பார்த்ததும் தட்டலின் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. நான் முதல் வளையம் வைத்த 560 மில்லி இடத்தில் நரம்பின் வட்டம் இன்னும் ஏறத்தாழ 31 மில்லி அகலம் இருக்கிறது. 20ஆம் எண் வளையம் என்றால் 20 என்பது பீங்கான் வளையத்தின் வெளிவிட்டம், உள் ஓட்டை 15 மில்லிதான் இருந்தது. 31 மில்லியில் சுழன்று வரும் நரம்பை 15 மில்லி வாசலில் நுழையச் சொல்லியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கதவைத் திறந்தமாதிரி நரம்பு முட்டி மோதிப் பின்னால் தேங்கியது. தேங்கியது புடைத்துக் கம்பை அடித்தது. காற்றும் சேர்ந்தால் தேங்கிய சுருள் வளையத்தின் காலில் மாட்டிக்கொண்டது. அவர் சொன்ன மூன்று புகாரும் இந்த ஒரே இடத்துக் கோளாறு.

உயரமும் தப்பு. ரீலின் பாதத்திலிருந்து ஸ்பூல் மையம் வரைக்கும் உள்ள தண்டு இந்த ரீலில் நீளம். சுமார் 60 மில்லி தள்ளி நிற்கும் மையத்திலிருந்து ஒடுக்கு வளையத்துக்கு ஒரு கோடு போட்டால், முதல் வளையத்தின் நடு கம்பிலிருந்து 36 மில்லியாவது எட்டி நிற்கவேண்டும். நான் போட்டது குட்டைக்கால்.

பிரித்துக் கட்டியது

கட்டிய வளையத்தைப் பிரிப்பது கட்டுவதைவிடப் பெரிய வேலை. ஹேர் டிரையரால் சூடு காட்டி எப்பாக்ஸியை இளக்கி, பிளேடால் நூலைச் சீவி எடுக்கவேண்டும். பிளேடு வளையத்தின் உலோகக் காலுக்கு மேலேதான் ஓடவேண்டும். ஒரு மில்லி தப்பிக் கார்பனில் கீறினால் பிற்பாடு பெரிய மீன் இழுக்கும் நாளில் கம்பு அந்தக் கோட்டில்தான் முறியும். ரெண்டு ராத்திரி ஆனது. கரும்பச்சையும் சிவப்புமாகப் பார்த்துப் பார்த்துச் சுற்றிய நூல் மேசையில் பொடியாகக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

புது வரிசை: முதலில் உயரக்கால் 30, பிறகு 20, 12, ஒடுக்குக்கு 8, அதற்குமேல் நுனிவரை மூன்று 8, நுனி வளையம். முதல் வளையம் ஸ்பூல் விட்டத்தில் பாதி இருந்தால் போதும் என்பார்கள், அதாவது 26. வளைய எண்ணையும் உள் ஓட்டையையும் குழப்பிக்கொண்ட பாடம் இன்னும் சூடாக இருந்ததால் 30 எடுத்தேன், உள்ளே 24 மில்லிக்குக் கொஞ்சம் மேல் வந்தது.

இடம் வைப்பதில் ஒரு சின்னச் சிக்கல். ஒடுக்குத் தூரத்தில் பாதி, அதாவது 702 மில்லியில்தான் வட்டம் பாதியாகும், முதல் வளையம் அங்கே இருக்கவேண்டும். ஆனால் இது ரெண்டு துண்டுக் கம்பு. அடியிலிருந்து அளந்தால் அந்த இடம் இணைப்பின் மேலேயே விழுந்தது. இணைப்பில் வளையக் காலை உட்கார வைக்க முடியாது. அதனால் பின்னால் இழுத்து 680, 650, 620 என்று மூன்று இடத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, மாமன் காட்டுக்கே மறுபடி போனோம். பத்துப் பத்து வீச்சு. 680க்கும் 650க்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 620இல் லேசாகத் தட்டல் கேட்டது. 680இல் நிறுத்தினேன். சராசரி 52 மீட்டர் வந்தது. பிரெய்டு போட்ட என் ரீலின் 58ஐ எட்டவில்லை, எட்டவும் எட்டாது. மோனோவின் தடிப்புக்கு இது நியாயமான தூரம்.

கட்டும் முன்னால் இன்னொரு சோதனையும் உண்டு. அடித்துண்டைப் பெஞ்சு வைஸில் துணி சுற்றிக் கட்டி, நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, நுனியில் ஒரு கிலோ தொங்கவிட்டோம். கம்பு வளையும் வில்லோடு நரம்பும் ஒட்டிப் போகவேண்டும், ரெண்டு வளையத்துக்கு நடுவே கோணம் உடைந்து தெரியக் கூடாது. நுனிப் பக்கம் ஒன்றை ரெண்டு விரல்கடை நகர்த்தவேண்டியிருந்தது, மற்றபடி சரி.

30 வளையம் போட்டால் கம்பு கனக்குமே என்று நானே பயந்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நுனியில் ஏறும் ஒரு கிராம் கம்பைத் தூங்கவைத்துவிடும். ஆனால் கைப்பக்கம் ஏறும் நாலைந்து கிராமைக் கம்பு கண்டுகொள்வதே இல்லை. அந்த ரீலே என் ரீலைவிட 90 கிராம் கனம். அதுவும் கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நுனி லேசாகி, கம்பு கையில் ஒழுங்காக நின்றது. இது திட்டமிட்டு வந்த நன்மை இல்லை, அதிர்ஷ்டம்.

சீட்டில் மட்டும் சமாளித்தேன். பழைய ரீலின் பாதம் தடிப்பு, சீட்டின் தொப்பிக்குள் முழுசாக நுழையவில்லை. கம்புச் சீட்டைக் கிழித்து மாற்றினால் கைப்பிடி கார்க்கும் போகும். ரீல் பாதத்தின் நுனியை லேத்காரன் புத்தியில் அரத்தால் அரை மில்லி ராவிவிட்டேன். அண்ணன் அனுமதியோடுதான். இதை யாரும் முறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மச்சானின் ரீல்

இதோடு முடிந்திருக்கவேண்டிய கதை. கம்பு வாங்க வந்த அன்று அண்ணன் தன் மச்சானையும் கூட்டிவந்தார். மச்சான் பையிலிருந்து ஒரு உருண்டை பெய்ட்காஸ்டிங் ரீலை எடுத்து மேசையில் வைத்தார். குட்டையில் விரால் பிடிக்க, ரப்பர் தவளை போட, அதே எட்டடிக் கம்பில் இதையும் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

முடியாது என்று சொல்ல எனக்கு இப்போது படம் தேவைப்படவில்லை. "மச்சான், அது தார். இது பீமு," என்று அண்ணனே முடித்துவிட்டார்.

அதுதான் முழு வித்தியாசமும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பைக் கொடுக்கிறது, தறியில் பாவு நூல் சுற்றிய உருளையான பீம் மாதிரி. சுழன்று கொடுக்கும் நரம்பு நேராக வரும், பலூன் கிடையாது. எனவே பெரிய வாய்ப் புனலும் வேண்டாம், உயரக்காலும் வேண்டாம். வம்பு வேறு பக்கம். கனமான பீம் ஓடிய வேகத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்சம் உருண்டால் பாவு தொய்ந்து போகும் என்பதால்தான் தறியில் பீமுக்குக் கயிறு சுற்றி எடை தொங்கவிடுகிறார்கள். இந்த ரீலிலும் தூண்டில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் உருண்டால் நரம்பு உள்ளேயே சிக்கிக் குருவிக்கூடு கட்டிவிடும். எடைக்குப் பதில் இங்கே காந்த பிரேக்கோ விசிறிக் கட்டை பிரேக்கோ இருக்கும். கூடவே கட்டைவிரல்.

கம்பு கட்டுகிறவனுக்கு இதில் வருகிற வேலை: ரீல் கம்புக்கு மேலே உட்காரும், வளையமும் மேலே. மீன் இழுக்கும்போது நரம்பு மேலே இருந்தபடி அழுத்தும், கம்பு வளையும்போது புரண்டு வளையத்தைக் கீழே கொண்டுவரப் பார்க்கும். ஸ்பின்னிங் கம்பில் வளையம் ஏற்கெனவே கீழே தொங்குவதால் அந்தத் தொல்லை இல்லை. அத்தோடு மேலே இருக்கும் நரம்பு வளைந்த கம்பை உரசக் கூடாது என்றால் வளையங்களின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். விரால் பாசிக்குள் பாய்ந்து இழுப்பது ஒரு நொடி வேலை, அப்போது கம்பு கையில் முறுக்கிக்கொண்டால் மீன் போய்விடும்.

அதனால் மச்சானுக்கு ஏழடியில் சுருள் கட்டு கட்டினேன். ரீலுக்கு அடுத்த வளையம் உச்சியில், அடுத்தது பக்கவாட்டில் கொஞ்சம் இறங்கி, அதற்கடுத்தது இன்னும் இறங்கி, பிறகு நுனிவரை எல்லாம் அடிப்பக்கம். கொடி மரத்தைச் சுற்றுவதுபோல நரம்பு மேலிருந்து கீழே சுற்றிப் போகும். எந்தப் பக்கம் இறக்குவது என்பதில் கட்டுகிறவர்கள் நடுவே சண்டை உண்டு. நான் ரீலைச் சுற்றும் கைப்பிடி இல்லாத பக்கம் இறக்கினேன், நரம்பு கம்பைத் தொடாமல் இருந்தால் எனக்கு எந்தப் பக்கமும் சம்மதம். முதல் வளையத்தை ரீலுக்கு மிக அருகில் வைக்காமல் கவனித்தேன். ஸ்பூலின் ஓரத்திலிருந்து நரம்பு கிளம்பும்போது வளையம் கிட்டே இருந்தால் கோணம் கூர்மையாகி உரசும்.

இந்த முறை ரீல் மேசையில் இருந்தபடியால் கைக்கும் அளவு எடுத்தேன். உருண்டை ரீல் உயரமாக நிற்கும். தட்டை ரீலை உள்ளங்கையில் மூடிப் பிடிப்பதுபோல இதைப் பிடிக்கமுடியாது. மச்சானுக்குக் கை சின்னது. சீட்டின் அடியில் விரல் மாட்டும் கொக்கி இருக்கும் வகையில், உயரம் குறைந்த சீட்டாகத் தேடி வாங்கிப் போட்டேன். ரீலுக்குப் பின்னால் கம்பின் கைப்பிடி நீளம் முழங்கைக்கு அடியில் நிற்கிறமாதிரி அவர் கையை வைத்தே வெட்டினேன். ரீலைச் சுற்றும் கைப்பிடி எந்தப் பக்கம் என்பதும் ஒரு விஷயம்: ஸ்பின்னிங் ரீலில் அதைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம், இதில் முடியாது, வாங்கும்போதே முடிவாகிவிடும். மச்சானுடையது இடக்கைச் சுற்று.

அண்ணனின் கம்பு இப்போது நெரிஞ்சிப்பேட்டைக் கரையில் தட்டாமல் வீசுகிறது. ஆடிக்காற்றில் எப்போதாவது ஒரு சுருள் மாட்டுவது மட்டும் முழுசாகப் போகவில்லை. முன்பக்கம் சாய்ந்த கால் உள்ள வளையம் போட்டால் அதுவும் குறையும். அந்த வளையம் வர நாளாகும் என்பதால் அடுத்த பிரிப்புக்கு ஒத்திவைத்திருக்கிறோம். மச்சான் போன மாசம் ரெண்டு விரால் எடுத்தார். குட்டைக்கரையில் அவர் கம்பைப் பார்க்கிறவர்கள், வளையம் கோணலாகக் கட்டியிருக்கிறதே, கட்டினவன் தண்ணி போட்டிருந்தானா என்று இன்னும் கேட்கிறார்களாம். பதில் சொல்லி மாளாமல் என் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்.